குற்றவியல் நீதியை முதற்பட்டமாகப் படிக்கலாமா?

தென்மராட்சி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலைப்பிரிவில் அரசியல் விஞ்ஞானம், அளவையியல், தமிழ் ஆகிய பாடங்களுடன் உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கிறேன். என்னுடைய இசெட் புள்ளி சட்டத்துறைக்குப் போதுமா போதாதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறது. கலைப்பீடம் கிடைக்கும் என்று நம்புகிறேன். ரொறன்ரோவில் இருக்கும் சின்னமாமா, அங்கே பொலிஸ், நீதிமன்றம், சிறை ஆகியவற்றை ஒன்றாகப் படிக்கும் குற்றவியல் நீதி என்று தனியாகவே ஒரு முதற்பட்டம் இருக்கிறது, விண்ணப்பித்து வா, முதலாண்டுச் செலவைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அம்மாவுக்கு நான் ஆசிரியையாக வேண்டும். ரியூசன் ஆசிரியரோ, சட்டம் கிடைக்காவிட்டால் இன்னொரு தடவை பரீட்சை எழுது என்கிறார்.

இந்தத் துறையின்மேல் எனக்கு நாட்டம் வந்ததற்குக் காரணம் எங்கள் குடும்பத்தைத் தொட்ட ஒரு வழக்கு. பெரியப்பாவின் மகன் ஒரு வாள்வெட்டுச் சம்பவத்தை நேரில் கண்டவர். அன்றிரவே ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் கொடுத்தார். எழுதிய உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார், அருகில் நின்ற ஒருவர் மொழிபெயர்த்தார், அண்ணா கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். ஆறு ஆண்டுகள் கழித்துச் சாட்சிக்கூண்டில் ஏறியபோது, வெட்டியவர் வேலி வாசலில், படலையடியில் நின்றதாக அண்ணா சொன்னார். வாக்குமூலத்திலோ வீட்டுக் கதவடியில் நின்றதாக இருந்தது. எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவர்) தரப்புச் சட்டத்தரணி அதைச் சுட்டிக்காட்ட, அது முரண்பாடாகப் பதியப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்த அண்ணா, நான் பொய்காரன் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அந்தச் சட்டத்தரணிமீது எனக்குக் கோபம் இல்லை, அவர் தன் கடமையைச் செய்தார். ஆனால் அந்த ஒரு தாள் ஆறு ஆண்டுகள் எத்தனை மேசைகளைக் கடந்து வந்திருக்கும், அதை ஒருவராவது ஏன் திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. இதைப் படிக்கிற படிப்பு எது? சட்டமா, குற்றவியல் நீதியா, சமூகவியலா? குற்றவியல் நீதியில் பட்டம் பெற்றவருக்கு யாழ்ப்பாணத்தில் என்ன வேலை இருக்கிறது? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் வீட்டில் எடுத்துப் பேச எனக்கு உதவியாக இருக்கும்.


யாழ். சட்டத்தரணி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக யாழ்ப்பாண நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளில் தோன்றி வருகிறேன். நீங்கள் சொன்ன படலைக் கதையைப்போல் பலவற்றைக் கண்டிருக்கிறேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவு, சாட்சி வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் பதியவும், பதிந்ததை அவருக்கு வாசித்துக் காட்டவும், எழுதிய மொழி அவருக்கு விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவும், திருத்தவோ மேலும் சேர்க்கவோ அவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்கிறது. ஆகவே அண்ணாவுக்குப் பாதுகாப்பு சட்டத்தில் இருந்தது. நள்ளிரவில், களைத்துப்போன ஒரு சாட்சிக்கும் அவசரத்தில் இருக்கும் ஓர் உத்தியோகத்தருக்கும் நடுவில் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வருகிறது என்பது வேறு விடயம். அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் 1988இல் வந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்றப் பதிவேட்டின் மொழி தமிழ். எனவே சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் இங்கே வழக்குக்கு வரும்போது மறுபடியும் தமிழாக்கப்படுகிறது. தமிழில் சொன்ன சொல் சிங்களத்துக்குப் போய்த் திரும்பத் தமிழுக்கு வருவதற்குள் படலை கதவாகிவிடுகிறது.

இனி உங்கள் கேள்வி. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், குற்றவியல் நீதிப் பட்டம் அதற்குரிய வழி அன்று என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் சட்டத்தரணியாவதற்கு 1874இல் தொடங்கப்பட்ட இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைக் கடந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதங்கள் பயிலுநராக இருந்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களிலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டம் பெற்றவர்களுக்கு அங்கே சலுகை உண்டு. குற்றவியல் நீதிப் பட்டதாரிக்கு அச்சலுகை இல்லை, அவரும் மற்றவர்களோடு சேர்ந்து நுழைவுப் பரீட்சையைத்தான் எழுத வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் ஆங்கில மொழிமூலத்தில் கற்பிக்கப்படுகிறது என்பதையும் மனதில் வைத்து, இந்தக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவர் செய்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க இடமளிக்கிறது. சட்ட மாணவி இந்த இரண்டு பிரிவுகளையும், அவற்றுக்கு நீதிமன்றங்கள் கொடுத்த விளக்கங்களையும், ஒப்புதல் சுயவிருப்பில் செய்யப்பட்டதல்ல என்று வாதிடும் முறையையும் படிப்பார். குற்றவியல் நீதி மாணவி, அத்தகைய ஒப்புதல்கள் எந்த மொழியில் எழுதப்பட்டன, கைதாகி எத்தனையாவது நாளில் பெறப்பட்டன, எத்தனை வழக்குகளில் ஒப்புதலைத் தவிர வேறு சான்று இருந்தது என்று கோப்புகளை எடுத்து எண்ணிப் பார்ப்பார். எங்களுக்கு இரண்டாவது வகைப் படிப்பாளிகள் மிகவும் தேவை. ஆனால் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் இடம் எங்கே என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை. அதனால் உங்கள் ஆசிரியர் சொல்வதன் பக்கமே நான் சாய்கிறேன்: முடிந்தால் சட்டம் படியுங்கள்.


ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் எழுதியது:

பிள்ளை, சட்டத்தரணி அம்மா சொன்னவை சரியானவை. ஆயினும் ஒரு வழக்கு என்றவுடன் எல்லோரும் பொலிஸ் நிலையத்திலிருந்து தீர்ப்பு நாள்வரை மட்டுமே பார்க்கிறார்கள். நான் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தது அந்த நீதிமன்ற மேசையின் மற்றப் பக்கத்தில். அதைப்பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நன்னடத்தைச் சேவை 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடப்பது. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின் அது மாகாணத்துக்குரிய விடயமாயிற்று. ஒரு சிறுவன் துவிச்சக்கரவண்டி திருடினான் என்று நீதவானின் முன் கொண்டுவரப்பட்டால், அவனைத் தாயிடம் விடுவதா, அச்சுவேலியில் இருப்பதுபோன்ற, சிறுவரைத் தங்கவைத்துத் திருத்தும் சான்றுபெற்ற பாடசாலை ஒன்றுக்கு அனுப்புவதா, நன்னடத்தை மேற்பார்வையில் வைப்பதா என்று முடிவெடுக்குமுன் நீதவான் எங்களிடம் அறிக்கை கேட்பார். நாங்கள் அந்த வீட்டுக்குப் போவோம். தகப்பன் கடலுக்குப் போகிறாரா, போனால் காசு வீட்டுக்கு வருகிறதா, பிள்ளை எந்த மாதத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை, பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள், அவன் யாரோடு இரவில் நிற்கிறான் என்றெல்லாம் பார்த்து எழுதுவோம். இரண்டு பக்கம் வரும் அந்த அறிக்கை, சட்டப்புத்தகம் முழுவதையும்விட அந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் கூடுதலாக வேலை செய்யும். அதை எழுதக் கற்றுத்தருவது சட்டக் கல்வி அன்று. மனிதரை விசாரிக்கவும், கேட்டதை நம்புவதற்குமுன் வேறிடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கவும், தன் விருப்பு வெறுப்பை ஒதுக்கி வைத்து எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். சமூகவியலும் உளவியலும் குற்றவியலும் படித்தவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முதல் மாதத்திலேயே அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

2018இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, குற்றப்பொறுப்புக்கான ஆகக்குறைந்த வயது 8இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. அதற்குமுன் எட்டு வயது கடந்த ஒரு குழந்தையைக்கூட எதிரியாக நிறுத்தச் சட்டம் இடம் கொடுத்தது. அந்தத் திருத்தம் தானாக வந்துவிடவில்லை, சிறுவர்களோடு வேலை செய்தவர்கள் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்ததன் பயன் அது. நீங்கள் படிக்க நினைக்கும் துறையின் வேலை இப்படித்தான் மெதுவாகப் பலன் தரும்.

வளர்ந்தவர்களின் பக்கமும் இருக்கிறது. நமது சிறைச்சாலைகளில் தண்டனை பெற்றவர்களைவிட, வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருப்பவர்களே அதிகம் என்பதையும், தண்டனை பெற்றவர்களிலும் தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே போனவர்கள் பெருந்தொகையினர் என்பதையும் வெளியில் இருப்பவர்கள் அறிய மாட்டார்கள். சிறைக்குப் பதிலாகச் சமுதாயத்துக்குப் பயன்படும் வேலையைச் செய்ய வைக்கும் கட்டளைக்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் வழி செய்து, அதற்கென்று சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களமும் இருக்கிறது. அந்தக் கட்டளை பெற்ற ஒருவர் திருந்தினாரா, அல்லது ஆறு மாதத்தில் ஐஸ் எனப்படும் போதைப்பொருளோடு மீண்டும் பிடிபட்டாரா என்று தொடர்ந்து பார்த்து எழுதிவைக்கும் ஆள் வேண்டும்.

வேலை என்று கேட்டீர்கள். குற்றவியல் நீதி என்ற பெயரில் பதவி இல்லை என்பது உண்மை. ஆனால் நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர், சிறைச்சாலைப் புனர்வாழ்வு அலுவலர் ஆகியோரின் வேலையெல்லாம் இந்தப் படிப்பின் வேலைதான். இவற்றுக்கான ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும்போது எந்தெந்தப் பட்டங்கள் ஏற்கப்படும் என்று எழுதியிருப்பார்கள். பழைய வர்த்தமானிகள் சிலவற்றை எடுத்துப் பார்த்துவிட்டுப் பட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். பலர் பட்டத்தை முடித்துக்கொண்டு வந்த பின்புதான் இதைப் பார்க்கிறார்கள்.


ஸ்காபறோ வாசகி எழுதியது:

நான் கொக்குவிலில் பிறந்து, பத்து வயதில் கனடாவுக்கு வந்து, இங்கே குற்றவியல் நீதியில் நான்கு ஆண்டுப் பட்டம் முடித்தவள். உங்கள் சின்னமாமாவின் அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் சில விடயங்களை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பட்டம் வட அமெரிக்காவில் பெருகியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1965இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஜோன்சன் நியமித்த ஆணைக்குழு 1967இல் அறிக்கை கொடுத்து, பொலிஸாருக்கு உயர்கல்வி வேண்டும் என்று வலியுறுத்தியது. 1968இல் வந்த சட்டத்தின் கீழ் அதற்கு மத்திய அரசின் பணம் கிடைத்ததும் கல்லூரிகள் வரிசையாக இத்துறையைத் தொடங்கின. நியூயோர்க்கில் 1964இல் பொலிஸாருக்காகவே ஆரம்பித்த ஜோன் ஜே கல்லூரி இன்று இத்துறையில் பெயர்பெற்ற கல்லூரிகளில் ஒன்று. அதாவது, அங்கே வேலை முதலில் இருந்தது, பட்டம் பின்னால் வந்தது. கனடாவிலும் ரொறன்ரோ, சைமன் பிரேசர் முதலிய பல்கலைக்கழகங்களில் குற்றவியலுக்கு நல்ல துறைகள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் படிக்கப்போவது கனடாவின் முறையை. குற்றச் சட்டத்தை மத்திய பாராளுமன்றம் இயற்றுவது, நீதிமன்றங்களை மாகாணங்கள் நடத்துவது, இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர் மத்திய சிறைக்கும் மற்றவர் மாகாணச் சிறைக்கும் போவது என்று இரண்டு ஆண்டுகள் நான் மனப்பாடம் செய்தவற்றில் பெரும்பகுதி யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு உதவாது.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு இங்குள்ள மாணவரைவிடப் பலமடங்கு கட்டணம், அதுவும் நான்கு ஆண்டுகளுக்கு. முதலாண்டை மாமா பார்த்தால் மற்ற மூன்றை யார் பார்ப்பது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். இப்பட்டத்துடன் ஒன்ராறியோவில் பொலிஸில் சேரலாம் என்று சொல்பவர்கள், அதற்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. சட்டத்தரணியாவதற்கும் இங்கே இன்னொரு பட்டம் தனியாகப் படிக்க வேண்டும்.

எனக்கு உண்மையாகவே பயன்பட்டது ஆய்வுமுறையும் புள்ளிவிபரவியலும். ஐநூறு கோப்புகளிலிருந்து எந்த ஐம்பதை எடுத்தால் நேர்மையான படம் கிடைக்கும், நேர்காணலில் கேள்வியின் சொல் மாறினால் பதில் எவ்வளவு மாறும் என்பவை எந்த நாட்டுக்கும் பொருந்தும். இவற்றை நீங்கள் ஊரிலிருந்தே கற்கலாம். மேற்படிப்புக்கு வாருங்கள், அப்போது புலமைப்பரிசில் கிடைக்கும் வாய்ப்பும் கூடும்.


தென்மராட்சி மாணவி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அம்மாவை அருகில் இருத்தி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நன்னடத்தை ஐயா எழுதியதை அவர் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். மேலும் இரண்டு கேள்விகள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதைத் தனிப் பட்டமாகப் படிக்க வழி இல்லையா? தமிழ்நாட்டில் படிக்கலாம் என்றும் ஒரு தோழி சொல்கிறாள். செம்மணி மனிதப் புதைகுழி அகழ்வைப் பற்றிய செய்திகளைப் பார்த்தபின் தடயவியல் படிக்கலாமா என்ற எண்ணமும் வருகிறது. கலைப்பிரிவில் இருந்து அதற்குப் போக முடியுமா?


சமூகவியல் விரிவுரையாளர் எழுதியது:

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனெனில் தமிழில் எல்லாவற்றுக்கும் குற்றவியல் என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். குற்றவியல் என்பது மனிதர் ஏன் குற்றம் செய்கிறார்கள், சமூகம் எதைக் குற்றம் என்கிறது என்று கேட்பது. குற்றவியல் நீதி, அரசு குற்றத்தை எதிர்கொள்ளும் வழி முழுவதையும், முறைப்பாட்டிலிருந்து விடுதலைவரை, ஒன்றாக வைத்துப் பார்ப்பது. தடயவியல் ஆய்வுகூடத்தின் வேலை, அதற்கு இரசாயனவியலும் உயிரியலும் வேண்டும்.

ஆகவே கலைப்பிரிவிலிருந்து ஆய்வுகூடத் தடயவியலுக்குப் போவது கடினம். ஆனால் செம்மணியில் நடப்பது ஆய்வுகூட வேலை மட்டும் அன்று. 1996இல் கொல்லப்பட்ட பாடசாலை மாணவியின் வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்ட ஒரு சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்தே அவ்விடம் வெளியே தெரிந்தது. 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் அதே பகுதியில், அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிப்பட, யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அங்கே நீதவானும் சட்ட வைத்திய அதிகாரிகளும் தொல்லியலாளரும் பொலிஸாரும் சட்டத்தரணிகளும் இருந்தார்கள். வேலிக்கு வெளியே, பிள்ளையைத் தேடும் தாய்மாரும் இருந்தார்கள். கண்டெடுத்த உடைகளும் பொருள்களும் ஆகஸ்ட்டில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, ஒரு பாடசாலைப் பையைப் பார்க்க வரிசையில் நிற்கும் தாயிடம் எப்படிப் பேசுவது, அவர் சொல்வதை எப்படிப் பதிவது, அவருக்கு எதை வாக்களிக்கலாம், எதை வாக்களிக்கக் கூடாது என்பதையும் ஒருவர் படித்திருக்க வேண்டும். அது உங்கள் பக்கத்து வேலை. எலும்பைச் சோதிப்பவர் சரியாகச் செய்தாலும் இந்தப் பகுதி பிழைத்தால் அந்தக் குடும்பத்துக்கு விடை கிடைக்காது.

இலங்கையில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் குற்றவியல் நீதியும் கலைமாணிப் பட்டத்துக்குரிய துறையாக உண்டு. விண்ணப்பிக்குமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் மொழிமூலத்தைக் கவனமாகப் பாருங்கள். தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை 1965இல் தொடங்கியது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்குமான துறை உண்டு. நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இங்குள்ள திருநெல்வேலியில் இருப்பதால், எந்தத் திருநெல்வேலி என்று மாணவர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். தமிழ்நாட்டின் அந்த இரண்டு துறைகளும் முதுகலைக்கே பெயர்பெற்றவை, எனவே முதற்பட்டத்தின் பின் போவதே பொருத்தம். தமிழ்நாட்டுப் பாடநூல்களை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நமது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியாவின் 1860ஆம் ஆண்டுக் கோவையின் வழியில் எழுந்தது. இந்தியா அதைக் கைவிட்டு 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்துவதால், பழைய இந்திய நூல்களே இப்போது நமது சட்டத்துக்கு நெருக்கமானவை. அவற்றிலும் பிரிவு எண்கள் மாறும்: கொலைக்கான தண்டனை அங்கே 302, இங்கே 296.

சட்டத்தரணி அவர்களின் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சட்டம் படித்த நல்ல மாணவர்கள்கூட, தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையும் என்று நம்புவதைக் காண்கிறேன். தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் கிடைக்கும் என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764இலேயே வாதிட்டார். நமது நாட்டில் 1976இன் பின் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லை, ஆனால் சட்டத்தில் இருக்கிறது. 2022இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு ஐஸ் போதைப்பொருளுக்கும் கடும் தண்டனை சேர்க்கப்பட்டது. அதன் பிறகு நமது கிராமங்களில் அது குறைந்ததா? இக்கேள்விக்கு உணர்ச்சியால் அல்லாமல் தரவுகளால் பதில் சொல்லப் பழக்குவது உங்கள் துறை. ஆகவே சட்டம் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் மறுபடி பரீட்சை எழுதி ஓர் ஆண்டைச் செலவிடாமல், கலைப்பீடத்தில் சமூகவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்து, இறுதியாண்டு ஆய்வை வாக்குமூலமும் மொழியும் என்ற உங்கள் கேள்வியிலேயே செய்யுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டத்தைப் பின்னர் வேலை பார்த்துக்கொண்டும் தொடரலாம்.


யாழ். சட்டத்தரணி எழுதியது:

விரிவுரையாளர் சொன்ன ஆய்வுத் தலைப்பைப் பார்த்தபின் என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அப்படி ஓர் ஆய்வு இருந்திருந்தால் எத்தனையோ வழக்குகளில் நாங்கள் அதை எடுத்துப் பேசியிருப்போம். மறுபடியும் பரீட்சை எழுதும் யோசனையை இப்போது நானும் வற்புறுத்தவில்லை.

வெட்டுப்புள்ளி வரும்வரை வீட்டில் இருக்காமல் ஒரு வேலை செய்யுங்கள், தங்கை. நமது நீதிமன்றங்கள் திறந்த நீதிமன்றங்கள், சிறுவர் சம்பந்தப்பட்டவைபோன்ற சில வழக்குகளைத் தவிர மற்றவற்றை யாரும் வந்து பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம். கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, ஒரு சிறு கொப்பியோடு நீதவான் நீதிமன்றத்தில் ஒரு வாரம் இருங்கள். நீதிமன்ற முதலியார் வழக்குகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு வழக்கும் எத்தனை நிமிடம் எடுக்கிறது, எதற்காகத் தவணையிடப்படுகிறது என்று மட்டும் குறியுங்கள். இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை வரவில்லை, சட்டமா அதிபரின் ஆலோசனை வரவில்லை, சாட்சி வரவில்லை, பொலிஸ் உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார் என்று காரணங்கள் வரும். ஐந்தாம் நாளில் உங்கள் கொப்பியில் இருக்கும் எண்ணிக்கையை எந்தப் பாடநூலும் உங்களுக்குத் தராது.

மேல் நீதிமன்றத்துக்கும் ஒருநாள் வாருங்கள். சாட்சி ஒருவர் குறுக்கு விசாரணைக்கு உட்படும்போது, வாக்குமூலத்தின் சொல்லும் அவர் வாயிலிருந்து வரும் சொல்லும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கேளுங்கள். விருப்பமானால் அண்ணாவையும் அழைத்து வாருங்கள், இந்தமுறை அவர் கூண்டில் ஏறத் தேவையில்லை. மதிய இடைவேளையில் நான் வளாகத்து மரத்தடியில்தான் இருப்பேன். கொப்பியைக் கொண்டுவந்தால், விளங்காதவற்றைச் சேர்ந்து பார்ப்போம்.